பனியில் நட்ட பந்தக்கால்

கோட்டையூர்க்காரர்களுக்குக் கப்பல் பெரிய விஷயமில்லை. பர்மா, மலாயா, சைகோன் என்று போய், தேக்கும் பளிங்கும் கொண்டுவந்து வீடு கட்டியவர்களின் தெருவுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. எங்கே போனாய் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். என்ன கொண்டுவந்தாய் என்றுதான் கேட்பார்கள். என் அக்காள் சகாயம்மாளின் வீட்டுக்காரர் சூசைமரியான் பூமியின் தென்கோடியில், பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத அண்டார்டிகாவில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு 1996 ஏப்ரலில் ஊர் திரும்பியபோது, அவர் பையில் ஒரு ஜோடி கிழிந்த கையுறையும் அழுக்குத் துணியும்தான் இருந்தன. முகம் வேறு அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. ஐஸில் இருந்துவிட்டு வந்தவன் இப்படியா கறுப்பான் என்று பஸ் நிறுத்தத்தில் சிரித்தார்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் தோலை உரித்துவிடும் என்று அவர் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறேன். ஊரில் உள்ள சண்டை, சமாதானம், கல்யாணம், சாவு எல்லாம் என் கண்ணாடிக் கூண்டுக்குள் சத்தம் போட்டுப் பேசப்படுவதால் எனக்கு யாரைப் பற்றியும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. மச்சானைப் பற்றியும் அப்படித்தான் இருந்தேன். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக். லீவில் வந்தால்கூடச் சும்மா உட்காரத் தெரியாது. கோணலாக மாட்டிய காலண்டரை நிமிர்த்துவார், ஆடுகிற பெஞ்சுக்குச் சக்கை வைப்பார். கழன்ற ஸ்க்ரூ ஒன்று உலகத்தில் எங்கேயாவது இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஏன் மச்சான், அந்த ஐஸுக்கு ஆள் கேட்டா நீங்களா போயி எழுதிக் குடுக்கணும்?" என்று புறப்படும் முன்பு கேட்டேன்.

"லடாக்குல கெடந்து குளிரு பழகிப்போச்சு மாப்ள. பென்ஷனுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்னுதான்."

அவர் போன பிறகுதான் மகள் மரிய அனிதாவுக்கு நாச்சியாபுரத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை அந்தோணி பிரபு சிங்கப்பூரில் வேலை. ஜனவரியில் மட்டும்தான் அவனுக்கு லீவு, விட்டால் இரண்டு வருடம் கழித்துத்தான். மச்சானின் கப்பலோ மார்ச் கடைசியில்தான் கரை சேரும். அக்காள் என் பூத்தில் உட்கார்ந்து அழுதாள். மச்சான் சாட்டிலைட் போனில் கூப்பிட்டபோது, நாம் பேசியது அவர் காதில் விழுவதற்குள் ஒரு மூச்சு இழுத்து விட்டுவிடலாம். "நடத்துங்க, தாய்மாமன் இருக்கான்ல" என்றார். அந்தத் தாய்மாமன் நான்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் பந்தக்கால் ஊன்றுவது வேதக்காரர்களான எங்களுக்கும் உண்டு. மூங்கிலின் நுனியில் மாவிலை, மஞ்சள் துணி, ஒரு சின்ன மரச்சிலுவை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். அந்தக் கால் பந்தல் பிரிக்கும்வரை சாயக் கூடாது. காற்றோ ஆடோ தள்ளிச் சாய்ந்துவிட்டால், முதலில் பார்த்தவன்தான் அதை நிமிர்த்தி ஊன்ற வேண்டும். ஊன்றியவன் பந்தல் பிரிகிறவரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. சாய்ந்தது தப்பில்லை, சாய்ந்ததைச் சொல்வதுதான் தப்பு. சொன்னால் அந்தப் பொண்ணு வாழ்க்கை சாய்ந்துவிடும் என்பார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாமல் மென்று விழுங்கியவர்கள் எங்கள் வகையறாவில் உண்டு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அனிதா கல்யாணத்தில் நான் பந்தக்காலுக்கு வழக்கத்தைவிடக் கட்டைவிரல் ஆழம் கூடுதலாகவே குழி தோண்டினேன்.

நாங்கள் இங்கே கால் ஊன்றும் நாளும் நேரமும் மச்சானுக்குத் தெரியும். போனில் சொல்லியிருந்தோம். அன்றைக்கு அங்கே அவர் ஒரு வேலையாகச் சங்கிலிச் சக்கர வண்டியில் தனியாகப் போயிருக்கிறார். அந்த ஊரில் ஜனவரிதான் கோடை. சூரியன் மறையாமல் வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பனிக்கு மேலே ஓடை ஓடும். பாறைகள் முடிந்து பனிப்பாளம் தொடங்கும் இடத்தில் வரிசையாக மூங்கில்கள் நட்டிருந்தார்கள். மரமே இல்லாத தேசத்தில் மூங்கில்! நம் ஊரிலிருந்து கப்பலில் போனவைதான். குளிர்காலம் முழுக்க அவற்றைத் தூரத்திலிருந்து பார்த்த மச்சான், வண்டி போகிற தடத்துக்கு அடையாளம் என்றே நினைத்திருந்தார். தடத்தில் நட்ட கொடிக்குச்சி விழுந்தால் டிரைவர்தான் நட்டுவிட்டு வர வேண்டும், அது அங்கே சட்டம்.

அன்று போய்ப் பார்த்தால் ஒரு மூங்கில் அடியோடு விழுந்து கிடந்தது. அதற்கு அடுத்த மூன்றும் குடிகாரன்போல் சாய்ந்திருந்தன.

"வண்டிய அப்படியே நிப்பாட்டிப்புட்டேன் மாப்ள," என்று பிறகு என்னிடம் சொன்னார். "இங்குட்டு நீங்க கால் ஊன்றுற நேரம், அங்குட்டு என் கண்ணு முன்னாடி மூங்கிலு விழுந்து கெடக்கு. வேற யாரு கண்ணுலயாச்சும் பட்டிருக்கக் கூடாதா?"

வண்டியில் பனியைத் துளைக்கும் கைத்திருகு இருந்தது. பழைய குழியையே இன்னும் ஆழமாகத் துளைத்து, விழுந்த மூங்கிலை இறக்கி, சுற்றிலும் பனித்தூளை அடைத்துத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தார். சாய்ந்திருந்த மூன்றையும் நிமிர்த்தி, ஆடாதபடி சுத்தியலால் அடித்து இறக்கினார். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது அல்லவா?

அந்தக் கோடைக்குப் புதிதாகக் கப்பலில் வந்தவர்களில் சத்தியமூர்த்தி என்று ஒருவர். மதுரைக்காரர், பனிப்பாளங்களை அளக்கிற படிப்பு படித்தவர், வயதில் மச்சானைவிட ரொம்பச் சின்னவர். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் "அண்ணே, அண்ணே" என்று மச்சானை ஒட்டிக்கொண்டவர். புயலும் வேறு வேலைகளும் இழுத்தடித்ததில், அனிதாவின் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அவரால் அந்த மூங்கில் வரிசைக்குப் போக முடிந்தது. திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒண்ணும் புரியலண்ணே. எல்லா எடத்துலயும் பனி எறங்கியிருக்கு. பாறை ஓரத்துல மட்டும் ஏறியிருக்கு. அதுவும் கோடையில."

"அந்தக் குச்சிய வச்சா சார் அளக்குறீக?" என்று மச்சான் கேட்டார். கையில் எடுத்த சப்பாத்தி கையிலேயே இருந்ததாம்.

சத்தியமூர்த்தி ஒரு கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்திக் காட்டினார். போன வருடம் வந்தவர்கள் மூங்கிலைத் துளையில் இறக்கி, பனிக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்று அளந்து குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த வருடம் மேலே தெரிவது கூடியிருந்தால், அவ்வளவு பனி உருகிப் போயிருக்கிறது. குறைந்திருந்தால் பனி ஏறியிருக்கிறது. பாறையில் பெயிண்ட் அடையாளம் வைத்து, அங்கிருந்து பனி விளிம்புவரை டேப் பிடித்தும் பார்ப்பார்கள். மேலே சாட்டிலைட்டும் பார்க்கிறது. ஆனால் அது பார்ப்பது சரிதானா என்று தெரிந்துகொள்ள, தரையில் ஒரு மனிதன் குச்சியோடு நின்றாக வேண்டும். ஒரு வருடக் கணக்கை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. பல வருடம், பல பேர், அதே குச்சியைப் போய்ப் பார்த்தால்தான் பனி போகிறதா இருக்கிறதா என்று தெரியும்.

"நாலு குச்சி ஒண்ணுபோலச் சொல்லுது. தப்பா இருக்காது. இன்னைக்கே ஃபாக்ஸ் அனுப்பணும், ஆபீஸ்ல காத்துக்கிட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அவர் எழுதப் போய்விட்டார்.

மச்சான் ஜெனரேட்டர் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பெற்ற மகள். நாளைக்குக் காலையில் அவள் கழுத்தில் தாலி ஏறப் போகிறது, பந்தல் இன்னும் பிரியவில்லை. இன்னொரு பக்கம், இல்லாத பனியை இருக்கிறதென்று ஒரு மனிதர் எழுதிக்கொண்டிருக்கிறார். பந்தல் பிரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்தான். அதற்குள் அந்தத் தாள் போய்விடும், போனதைப் பத்துப் பேர் நம்பிவிடுவார்கள். "எஞ்சின் சத்தத்துல கத்தி அழுதேன் மாப்ள, யாருக்கும் கேட்டிருக்காது," என்றார் என்னிடம். அதைக் கேட்ட அன்றுதான் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது.

எழுந்து போய் சத்தியமூர்த்தியின் முன்னால் நின்றார்.

"சார், அந்தக் குச்சிய நான்தான் நட்டேன்."

"எந்தக் குச்சி?"

"ஒண்ணு விழுந்து கெடந்துச்சு. ஆழமாத் துளைச்சு நட்டேன். சாஞ்சு நின்ன மூணையும் அடிச்சு எறக்கிப்புட்டேன்."

சத்தியமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. பேனாவை மேசையில் வீசினார். "என்ன காரியம் பண்ணீங்கண்ணே! உங்கள யாரு நடச் சொன்னா? அது விழுந்ததுதான் கணக்கு! அடியில இருந்த பனி அத்தனையும் போயிருந்தாத்தான் அது விழும். நாங்க பாக்க வந்ததே அதைத்தான். அதை நிமித்தி வச்சுட்டா நான் எதைப் போயி எழுதுறது?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

மச்சான் வழக்கத்தைச் சொன்னார். நாளைக்குக் கல்யாணம் என்பதையும் சொன்னார். சத்தியமூர்த்தி வீசிய பேனாவைத் திரும்ப எடுத்தார்.

"அப்ப இப்ப மட்டும் ஏண்ணே சொன்னீங்க?"

"பனி ஏறிருக்குன்னு எழுதப் போறீகளே சார். அது பொய்யில்ல?"

சத்தியமூர்த்தி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். சாய்ந்த மூன்று மூங்கில்களின் கணக்கைச் சேர்க்காமல் விட்டார். விழுந்ததற்கு நேராக எண் எதுவும் போடாமல், விழுந்து கிடந்தது, பார்த்தவர் சூசைமரியான் என்று மட்டும் எழுதினார். தன் பெயர் இருந்த அந்த வாக்கியத்தை மச்சான் இரண்டு தடவை வாசித்தாராம். எங்கள் வகையறாவில் விழுந்ததைப் பார்த்தவன் பெயரை யாரும் எழுதி வைத்தது கிடையாது.

மறுநாள் காலை, கோயிலுக்குப் போகும் வழியில் பட்டுச்சேலையோடு அனிதாவை என் பூத்துக்குள் உட்கார வைத்தோம். போன் வந்தது. மச்சான் மகளை ஆசீர்வதித்தார், அவள் அழுதாள், மை கலைகிறதென்று பெண்கள் திட்டினார்கள். பிறகு ரிசீவர் என் கைக்கு வந்ததும், "மாப்ள, பந்தல் நல்லா நிக்குதா? கால் நிக்குதா?" என்றார். நிற்கிறது என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். மனுஷனுக்குக் குளிரில் மூளை உறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் வந்தவர் இதையெல்லாம் என் பூத்தில் உட்கார்ந்து சொன்னார். ஐஸ் உருகினால் நமக்கென்ன, நம்ம கண்மாய்க்கா வரப் போகிறது என்று நான் கிண்டல் செய்தேன். கடலில் மிதக்கிற ஐஸ் உருகினால் தண்ணீர் மட்டம் அவ்வளவாக ஏறாது, தரைமேல் கிடப்பது உருகிக் கடலுக்குப் போனால்தான் ஏறும், ஏறினால் நம்ம தொண்டிக் கடலும் சேர்ந்துதான் ஏறும் என்றார். எப்போது என்றேன். அது தெரியத்தான் குச்சி நடுறாங்க என்றார். என்னிடம் சொன்னதை அக்காளிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதுதான் வினை.

"கால் விழுந்ததப் போயி வெளிய சொன்னீகளா? கல்யாணத்துக்கு மொத நாளு?" அக்காள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "பெத்த புள்ளைய விட ஒங்களுக்கு அந்த ஐஸ்கட்டி ஒசத்தியாப் போச்சா?" அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அனிதா நன்றாக இருக்கிறாள் என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

பிரபு கல்யாணமான மாதமே சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அனிதா நாச்சியாபுரத்தில் மாமியாரோடு இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போய்விடுவாள். வருகிற ஒவ்வொரு தடவையும் அக்காள் அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்துவாள். தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட மச்சான், மகளுக்குப் புதுச் சட்டை தைக்கிறாள் என்று சந்தோஷப்பட்டார். வெளியே வரும்போது அனிதாவின் ரவிக்கை உடம்போடு ஒட்டி, அளவெடுத்தது போல் இருக்கும். யாருக்கும் ஒன்றும் தோன்றாது.

கல்யாணத்துக்குப் பிந்திய முதல் கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தியம்மாளே மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராத்திரிப் பூசை முடிந்து, மறுநாள் மத்தியானம் கறிச்சாப்பாடு. வீடெல்லாம் மசாலா வாசனை. தோய்த்த துணி கொடியில் கிடந்தது. கொடிக்கயிறு தொய்ந்திருந்ததைக் கண்டதும் மச்சானுக்குக் கை துறுதுறுத்தது. அதை இழுத்துக் கட்டப் போனவர் கையில், உள்பக்கம் வெளியே தெரியும்படி காயப் போட்டிருந்த அனிதாவின் ரவிக்கை பட்டது.

இரண்டு பக்க இடுப்பிலும் உள்ளே மடித்துப் பிடித்த துணி தடித்துக் கிடந்தது. ஒரு தையல் அல்ல. முதலில் தைத்ததற்கு உள்ளே இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. வேறு வேறு மாதங்களில், வேறு வேறு நிற நூலில். கடைசித் தையலுக்கு இன்னும் சாயம் மங்கவில்லை. மச்சான் அதை விரலால் தடவிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கயிற்றை அவர் கட்டவில்லை.

ரவிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். சம்பந்தியம்மாளும் அனிதாவும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அக்காள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"சகாயம், இத யாரு இப்படிப் பிடிச்சுத் தச்சது?"

அக்காளின் கையில் கரண்டி நின்றது. "தொளதொளன்னு இருந்துச்சு. அதான். நீங்க போயி ஒக்காருங்க."

"ஒரு வருசத்துக்குள்ள இத்தன தடவையா?"

"இந்தக் காலத்துப் புள்ளைக எங்கங்க சாப்பிடுறாக," என்று சம்பந்தியம்மாள் சிரித்தார். "ஒல்லியா இருந்தாத்தான் அழகுங்குறாக."

மச்சான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "அனிதா, அப்பாகிட்ட சொல்லு. ஒனக்கு அங்குட்டு என்ன?"

"நல்லாத்தான்ப்பா இருக்கேன்," என்றாள் அவள், இலையைப் பார்த்துக்கொண்டு.

"நல்லா இருந்தா இந்தத் தையலு ஏன்?"

அக்காள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். "வாய மூடுங்க! ஒங்களுக்குக் கோடி புண்ணியமாப் போகும், வாய மூடுங்க! அன்னைக்கு அங்க நீங்க வாயத் தொறந்ததுக்குத்தான் எம் புள்ள இப்படி ஆயிட்டா. நானே அத யாருக்கும் தெரியாம தச்சுத் தச்சு மறைச்சுக்கிட்டிருக்கேன்."

அவள் சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே புரிந்தது. மச்சான் அக்காளின் கையைத் தோளிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்குக் கோபமே இல்லை.

"நான் சொன்னதால விழுகல சகாயம்," என்றார். "விழுந்ததத்தான் சொன்னேன்."

அனிதா பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"அப்பா, அங்குட்டு எனக்கு வயித்துக்குச் சோறு இல்லப்பா."

சம்பந்தியம்மாள் இலையை மடித்துவிட்டு எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. அக்காள் கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, மகள் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.